லைட்டை அணைத்துவிட்டு ஜெபித்த லெந்து நாட்கள்

கல்லூரி விடுதியில் எங்கள் மாடியில் இரவு ஒன்பதரைக்கு மேல் லைட்டை அணைத்துவிட்டு ஜெபக் கூட்டம் நடக்கும். தனக்குத் தரிசன வரம் உண்டு என்று சொல்லிக்கொள்ளும் சீனியர் அண்ணன் ஒருவர் அதற்கு வருவார். ஒரு நாள் என் தலையில் கை வைத்து ஜெபித்தவர் பாதியில் நிறுத்தி, "உன் பின்னால ஒரு கறுப்பு உருவம் நிக்குது தம்பி, உன் ஆவிக்குரிய கண் திறந்தா நீயே பார்ப்ப" என்றார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார். நான் அதற்கப்புறம் பல வருஷம் லைட் போட்டுத்தான் தூங்கினேன்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வேதத்தைத் திறக்கும் முன் சங்கீதம் 119:18-ஐச் சொல்லித்தான் ஜெபிப்போம், "என் கண்களைத் திறந்தருளும்" என்று. அந்த ஒரு வரியை மட்டும் நான் விழுங்கிவிடுவேன். எங்கே நிஜமாகவே திறந்து, அந்த உருவம் கட்டில் பக்கத்தில் நின்றால் என்ன செய்வது?

கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, சபைக் கமிட்டியில் கூட இருந்துவிட்டேன். பயம் போகவில்லை. கடைசியில் ஒரு சாம்பல் புதனன்று, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து தொடங்கும் அன்று, ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. லூக்கா 11-ஐ எடுத்தார். மீன் கேட்ட மகனுக்குத் தகப்பன் பாம்பைக் கொடுப்பானா என்று இயேசு கேட்கிற இடம். "நீ யாருகிட்ட கேக்குற தம்பி? அப்பாகிட்டதானே?" என்றார். அப்புறம் தோத்தான் என்ற ஊரில் நடந்த கதை. ஞாயிறு பள்ளியில் நூறு தடவை கேட்டதுதான்: சீரியப் படை ஊரைச் சுற்றி வளைக்கிறது, தீர்க்கதரிசி எலிசாவின் வேலைக்காரன் அலறுகிறான், எலிசா ஜெபிக்கிறார், மலை முழுக்க அக்கினி இரதங்கள் தெரிகின்றன. "அந்தப் பையன் எப்பப் பயந்தான்? கண் திறக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த லெந்து நாற்பது நாளும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, லைட் போடாமல், அந்த ஒரு வரியை மட்டும் சொல்லி ஜெபிப்பது என்று முடிவு செய்தேன். முதல் வாரம் ஜெபமே இல்லை, பல்லி சத்தத்துக்கும் ஃபேன் சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான். இரண்டு நாள் தோற்றுப்போய் செல்போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டேன். பத்து நாளுக்கு மேல் ஆனபோது பயத்தைவிடத் தூக்கம்தான் பெரிய பிரச்சினை என்று தெரிந்தது. உருவமும் இல்லை, இரதமும் இல்லை.

இதற்கு நடுவில் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்குக் கூட்டி வந்தால், நேரே அடுப்படிக்குப் போய் நின்று, "ஆண்டவரே, இவ்வளவு அழுக்குலயா இத்தனை நாள் சமைச்சுக்கிட்டு இருந்தேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் யோவான் 9 வாசித்துக்கொண்டிருந்தேன். பிறவிக் குருடன் சீலோவாம் குளத்தில் கழுவிப் பார்வை பெறுகிறான், அவனைப் பெற்றவர்களோ ஜெப ஆலயத்தைவிட்டுத் தள்ளிவிடுவார்களே என்று பயந்து, "அவனையே கேளுங்கள்" என்று நழுவுகிறார்கள். கடைசியில் இயேசு, வேதம் அறிந்தவர்கள் என்று பெயரெடுத்த பரிசேயரிடம், காண்கிறோம் என்று நீங்கள் சொல்வதால்தான் உங்கள் பாவம் நிலைநிற்கிறது என்கிறார். அந்த இடத்தில் என் தம்பியின் முகம் வந்தது. தரிசனம் என்று சொல்ல மாட்டேன், வெறும் ஞாபகம். அப்பாவின் பனை விளையை, அதாவது பனந்தோப்பை, பிரித்ததில் அவன் ஏமாற்றினான் என்று நாலு வருஷமாகப் பேசவில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். கிணறு இருந்த பாகத்தை முதலில் கேட்டு வாங்கியவன் நான். அதை மட்டும் யாரிடமும் சொல்லியதில்லை, எனக்கே கூட. என் பின்னால் நிற்கிறது என்று நான் பயந்த கறுப்பு எதுவாக இருந்தாலும், இதைவிட அது சின்னதுதான். (அந்த அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தரிசனம் உள்ளவர்கள் ஏன் எப்போதும் அடுத்தவன் முதுகையே பார்க்கிறார்கள் என்று மட்டும் புரியவில்லை.)

பெரிய வெள்ளிக்கு முந்தைய சனிக்கிழமை பஸ் ஏறினேன். வாசலில் நின்று, "கிணத்து விஷயத்துல நான் சொன்னது பொய்" என்றேன். ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த மீதி வரவில்லை. அவன் ரொம்ப நேரம் என்னையே பார்த்தான். "சாப்பிட்டியா?" என்றான். உள்ளே போய் உட்கார்ந்தோம், தோசை சாப்பிட்டோம், மழையைப் பற்றிப் பேசினோம், விளையைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

மாற்கு 8-ல் பெத்சாயிதாவில் ஒருவனை இயேசு முதல் தடவை தொட்டதும், "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறான். இரண்டாம் தடவை தொட்ட பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. தம்பி விஷயத்தில் நான் இன்னும் மரத்தில்தான் இருக்கிறேன். மாதம் ஒரு தடவை போன் பேசுகிறோம். காலை ஐந்து மணி தொடர்கிறது, லைட் போடுவதில்லை.