ஒளித்துவைத்த மாத்திரை

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்தபோது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுவோரைக் கவனிப்பது என் வேலை. ரத்தம் உறையும் தன்மையை ஐஎன்ஆர் என்ற எண்ணால் அளப்போம். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்கேற்ப பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு மாத்திரைகளைக் கூட்டுவோம், குறைப்போம். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கீரையில் அதிகம் என்பதால், பாதி நேரம் முருங்கைக்கீரை விசாரணையிலேயே போய்விடும்.

ஒரு முறை பெரியவர் ஒருவருக்கு எண் 1.3 என்று வந்தது, மருந்து போதவில்லை என்று அர்த்தம். அவர் வாய் திறக்கவில்லை. மனைவிதான் பேசினார்.

"பேரன் போனில் படித்துச் சொன்னான், தம்பி. எலிக்கு வைக்கிற விஷமாமே? நான்தான் எடுத்து ஒளித்துவைத்தேன்."

மறுக்க முடியாது. அதுவரை யாரிடமும் நானாகச் சொன்னதில்லை, அவ்வளவுதான். 1933-இல் பனிப்புயலோடு ஒரு விஸ்கான்சின் விவசாயி, செத்த பசுவையும் உறையாத ரத்தம் நிரம்பிய பால் கேனையும் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். பூஞ்சை பிடித்த தீவனத்தில் இருந்த பொருள்தான் மாடுகளைக் கொன்றது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலிமருந்தாகவும், சில ஆண்டுகளில் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. 1955-இல் மாரடைப்புக்குப் பின் அதிபர் ஐசனோவரே சாப்பிட்டார்.

"அமெரிக்க அதிபர் சாப்பிட்டால் விஷம் இல்லை என்று ஆகிவிடுமா?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி.

அப்போதுதான் பெரியவர் நிமிர்ந்தார். இளவயதில் கிடங்குகளில் எலிக்கு மருந்து வைத்தவராம்.

"அந்த மருந்தை ஒரு நாள் தின்றால் எலி சாகாது. நாலைந்து நாள் விடாமல் தின்ன வேண்டும். அதனால்தான் தீரத் தீர நிரப்பிக்கொண்டே இருப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. வைட்டமின் கே வேலையை மருந்து தடுக்கும், ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருள்கள் தீர நாளாகும், ஆகவே ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள் என்று படம் வரைந்து நான் விளக்கியதில் பாதிப் பேருக்குப் புரிந்ததில்லை. இவர் எலியை வைத்தே முடித்துவிட்டார். பிறகு வந்தவர்களிடம் நானும் எலியையே சொல்லத் தொடங்கினேன். முகம் சுளித்தார்கள், ஆனால் மறக்கவில்லை.

அம்மா கைப்பையைத் திறந்து மாத்திரைப் பையை எடுத்துக் கணவர் மடியில் வைத்தார்.

"சரி, முருங்கைக்கீரை?"

"சமைக்கலாம், அம்மா. வாராவாரம் ஒரே அளவு."