கோமா நகரத்து மரவண்டி

நீலகிரியின் கேத்தியில் கேரட் மூட்டை ஏற்றுவதைப் பார்த்தால் எனக்குக் காங்கோவின் கோமா நகரம்தான் ஞாபகம் வரும். ஐ.நா. அமைதிப்படையில் அங்கே இருந்தேன். பூமத்திய ரேகைக்குப் பக்கம்தான், ஆனாலும் சுமார் 1,500 மீட்டர் உயரம். ராத்திரி ஸ்வெட்டர் கேட்கும். சண்டை போதாதென்று 2002-இல் நியிராகோங்கோ எரிமலைக் குழம்பும் ஊருக்குள் புகுந்திருந்தது. அந்தக் கறுப்புக் கல்லையே உடைத்து மதில் கட்டியிருந்தார்கள். அந்தக் கல் பாதையில் ஜீப்பில் போனால் இடுப்பு கழன்றுவிடும். அதே பாதையில் சுக்குடு என்கிற மர ஸ்கூட்டர் ஓடும். சக்கரமும் மரம்தான், மேலே பழைய டயர் ரப்பர். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு பையன்கள் இறக்கத்தில் பறப்பார்கள். அகதி முகாம்களைப் பற்றி எழுத மனசு வரவில்லை. அப்புறம், கீவு ஏரியின் சாம்பாசா பொடிமீன்! எங்கள் மெஸ் மிளகாய்த்தூள் போட்டு வறுத்தால் நெத்திலி தோற்றுவிடும்.