லுத்தரன் மாமியாரோடு வேளாங்கண்ணிக்கு

தரங்கம்பாடியிலிருந்து வேளாங்கண்ணி ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். காரைக்கால், நாகூர் தர்கா, நாகப்பட்டினம் என்று கடலை ஒட்டியே சாலை போகிறது. ஆனால் கிறிஸ்தவர்களுக்குள் அந்தத் தொலைவு முந்நூறு ஆண்டு வழக்கு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய, மார்ட்டின் லுத்தர் வழிவந்த லுத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பினார். அதே காலத்தில் சோழநாட்டில் உழைத்த கத்தோலிக்க இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கும் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கும் கோயில் கட்டியதோடு நில்லாமல், லுத்தரன்களை மறுத்துப் ‘பேதகமறுத்தல்’ என்றொரு நூலும் எழுதினார். எங்கள் வீட்டில் அந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. நான் பிறந்த வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), புகுந்த வீடு லுத்தரன்.

செப்டம்பர் 8 திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு, புரட்டாசியில் ஒரு வாரநாளில் நான் நேர்ச்சை செலுத்தப் புறப்பட்டபோது, துணைக்கு வருவதாகச் சொன்னது என் மாமியார்தான். சபைப் பெண்கள் கூட்டத்தில் பல ஆண்டுகள் வேதபாடம் எடுத்தவர். “நான் உன்கூட வர்றேன்மா, கும்பிட வரல” என்று வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

முதலில் மாதா குளத்துக்குப் போனோம். பதினாறாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன சிறுவன் ஒருவன் இந்தக் குளக்கரையில் களைப்பாறியபோது, கையில் குழந்தையோடு தோன்றிய பெண் பால் கேட்டதாகவும், கொடுத்த பிறகும் அவன் குடம் நிறைந்திருந்ததாகவும் மரபு. பிறகு நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனுக்கு அந்தப் பெண் தோன்றி, அவன் எழுந்து நடந்தான். அதன்பின் சீனக் கரையிலுள்ள மக்காவு துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் போன போர்ச்சுகீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, மாதாவை வேண்டி, செப்டம்பர் 8 அன்று இங்கே கரையேறி, ஓலைக்கோயில் இருந்த இடத்தில் கல்கோயில் கட்டினார்கள். அவர்கள் தந்ததாகச் சொல்லப்படும் பீங்கான் தட்டுகள் பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சிறுவர்கள் காலத்து எழுத்துச் சான்று எதுவும் இல்லை. எல்லாம் வாய்வழியாக வந்ததே. அத்தை இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்: “பைபிள்ல பவுல் எழுதினது கையில இருக்கு. இது யாரு எழுதி வச்சது?”

இந்தக் கேள்விக்கு ஆர்.சி. மக்கள் கோபப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. ஏனென்றால் திருச்சபையின் சொந்தப் போதனையே அவருக்குப் பாதி வழி இறங்கி வருகிறது. மாதா தோன்றும் இத்தகைய காட்சிகள் தனி வெளிப்பாடுகள். அவை விசுவாசத்தின் அடித்தளத்தில் சேராதவை. லூர்து, பாத்திமா உட்பட எதையும் நம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கத்தோலிக்கருக்கும் இல்லை. 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட புதிய விதிமுறைகளின்படி, ஒரு காட்சி இறைவனிடமிருந்தே வந்தது என்று ஆயர்கள் அறிவிப்பது இனி வழக்கமாக இருக்காது; பக்திக்குத் தடையில்லை என்று சொல்வதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர் ஆயருக்கு வந்த வத்திக்கான் கடிதம் வேளாங்கண்ணிப் பக்தியை மனமாரப் பாராட்டியது. கிறிஸ்தவர் அல்லாதோர் இங்கே வந்து ஆறுதல் பெறுவதை மதக்கலப்பு என்று கருத வேண்டாம் என்றும் சொன்னது. தரிசனங்களைத் தேடி ஓடுவது, தம் மகன் வழியாக எல்லாவற்றையும் சொல்லி முடித்த கடவுளிடம் மறுபடியும் கேட்பதாகும் என்று கண்டித்தவர் லுத்தர் அல்லர், கார்மேல் சபைப் புனிதரான சிலுவை யோவான்.

பேராலயத்துக்குள் அத்தை வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்துகொண்டார். சேலை உடுத்திய மாதா சுரூபத்தின் முன்னால் நான் முழந்தாளிட்டு எழுந்து வந்ததும், தாழ்ந்த குரலில் விவாதம் தொடர்ந்தது. சுரூபம் செய்யாதே என்ற கட்டளையை அவர் எடுத்தார். பாலைநிலத்தில் வெண்கலப் பாம்பைச் செய்யச் சொன்னதும் அதே கடவுள்தானே என்று நான் மறைக்கல்வி வகுப்பில் படித்த பதிலைச் சொன்னேன். “அந்தப் பாம்புக்கு ஜனங்க தூபங்காட்ட ஆரம்பிச்சதும் எசேக்கியா ராஜா அத உடைச்சுப் போட்டாரே, அந்த அதிகாரத்தையும் படிச்சியா?” என்றார். அரசர்களின் இரண்டாம் நூல், 18-ஆம் அதிகாரம். மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம், கடவுளுக்கு மட்டுமே ஆராதனை என்ற வேறுபாடும், படத்துக்குச் செலுத்தும் மரியாதை அதில் உள்ளவரைச் சேர்கிறது என்ற 787-ஆம் ஆண்டு நீசேயாவில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தின் தீர்ப்பும் ஏட்டளவில் தெளிவானவை. வரிசையில் நிற்பவர் மனத்தில் அவை எவ்வளவு இருக்கின்றன என்பதே அவருடைய கேள்வி.

‘தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே’ என்ற வசனத்தையும் அவர் விடவில்லை. 2025 நவம்பரில் வத்திக்கானே, மரியாளை ‘இணை மீட்பர்’ என்று அழைப்பது பொருத்தமன்று என்று ஆவணம் வெளியிட்டதைச் சொன்னேன். “அப்ப சரி” என்றார், ஏதோ பாக்கி வசூலானதுபோல. மரியாள் மேல் அவருக்கு மரியாதைக் குறைவு சிறிதும் இல்லை. மரியாளின் பாடலுக்கு லுத்தரே விளக்கவுரை எழுதியிருக்கிறார் என்பதை எனக்குச் சொன்னதே அவர்தான்.

பேராலயத்துக்கு வெளியே மணற்பாதையில் முழங்காலால் நகர்ந்து செல்பவர்கள் இருந்தார்கள். ஒரு பெண்ணின் சேலை முழங்கால் இடத்தில் மண்ணேறிப் பழுப்பாகியிருந்தது. அவர் மகன், பத்து வயதிருக்கும், தண்ணீர்ப் பாட்டிலோடு பக்கத்தில் மெல்ல நடந்தான். கடைகளில் கண், கை, கால், தொட்டில், வீடு என்று தகட்டு உருக்கள் தொங்கின. மொட்டை அடிப்பது, காது குத்துவது, தென்னங்கன்று கொடுப்பது என்று மற்ற நேர்ச்சைகளும் உண்டு. எனக்கும் இங்கேதான் நெருடுகிறது. சிலை வழிபாடு என்ற குற்றச்சாட்டை விட, இது கொடுத்து வாங்கும் பேரமாகிவிடுகிறது என்ற குற்றச்சாட்டுக்கே அதிக வலு உண்டு. நானும் தகட்டு உரு ஒன்றை வாங்கிச் செலுத்தினேன்; ஆனால் அதைக் கொடுத்ததால் கிடைத்தது என்று என்னால் சொல்ல முடியாது, நன்றி என்றுதான் சொல்வேன்.

கடற்கரைக்குப் போகும் வழியில் சுனாமிப் பேச்சு வந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த பயணிகளும் ஊர்க்காரர்களும் நூற்றுக்கணக்கில் இந்தக் கரையில் மாண்டார்கள். அலை பேராலயத்துக்குள் நுழையவில்லை என்பதைப் புதுமையாக, அதாவது அற்புதமாக, இங்கே இன்றும் சொல்கிறார்கள். அத்தை நின்றுவிட்டார். “கட்டடத்தக் காப்பாத்தினவங்க, வெளிய நின்ன பிள்ளைங்கள ஏம்மா விட்டாங்க?” இதற்கு மறைக்கல்வி வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை. கோயிலுக்குள் நின்றவர்கள் பிழைத்ததற்கு நன்றி சொல்வது வேறு, அதைப் புதுமை என்று மேடையில் முழங்குவது வேறு. இறந்தவர்களின் உறவினர் ஒருவர் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதையாவது நினைக்க வேண்டும்.

திரும்பும்போது, காணிக்கை அருங்காட்சியக வாசலில், காட்சிகளை நம்புவது கட்டாயமில்லை என்ற திருச்சபைப் போதனையை நாலு வரியில், வருகிறவர்கள் பேசும் மொழிகளிலெல்லாம் ஒரு பலகையாக எழுதி வைத்தால் நல்லது என்றேன். “அதோட கானா ஊர்க் கல்யாணத்துல அந்தம்மா சொன்னதையும் எழுதச் சொல்லு” என்றார் அத்தை: ‘அவர் உங்களுக்கு என்ன சொல்லுகிறாரோ, அதின்படி செய்யுங்கள்.’ அந்த வசனத்தில் எனக்கும் அவருக்கும் வழக்கு இல்லை. அதை முழங்கால் நடை தொடங்கும் இடத்தில் எழுதுவதா, முடியும் இடத்தில் எழுதுவதா என்பதில் நாகூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம்.