கூப்பிடாமல் விட்டவர்

நிவாரண முகாமில் ஆட்களைக் கூப்பிட்டு, மனசில் இருப்பதைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர், "என்னையும் கூப்பிடுவீங்களா?" என்றுதான் கேட்டார். பயந்து கேட்டாரா, எதிர்பார்த்துக் கேட்டாரா என்ற இடத்தைத் தாண்டி என்னால் இன்னும் நகர முடியவில்லை.

முகாமில் செல்போன் சார்ஜ் போடும் மேசையை யாரும் சொல்லாமல் அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போனின் முதுகிலும் டேப் ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதுவார், ஒயரைச் சுருட்டிப் பக்கத்திலேயே வைப்பார். அவர் வீட்டு இழப்பைப் பட்டியலில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் வாயால் கேட்டதில்லை.

"தோணுச்சுன்னா வாங்கண்ணே, கட்டாயம் ஒண்ணும் இல்ல" என்றேன். "சரி" என்று டேப்பை என்னிடம் கொடுத்துக் கிழித்துத் தரச் சொன்னார். கிழித்துக் கொடுத்தேன். அப்புறம் பேசியதெல்லாம் எந்த சார்ஜர் எதற்குப் பொருந்தும் என்பதோடு சரி.

நான் சொன்னதில் தப்பில்லை. பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து, நடந்ததை ஒரே அமர்வில் விலாவாரியாகப் பேச வைத்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று 1980களில் ஒரு முறை பரவியது. பின்னால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு) வராமல் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிலருக்கு நிலைமை மோசமானதும் உண்டு. உளவியல் முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்கிறது. சுற்றிப் பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு சேர்த்துவிடு. அவ்வளவுதான். தூக்கம் போவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, அழுகையே வராமல் மரத்துப்போவது எல்லாம் முதல் வாரங்களில் சகஜம். பெரும்பாலோருக்கு மெல்ல மெல்லத் தணிந்துவிடும். பி.டி.எஸ்.டி. என்று பெயர் வைக்கவே ஒரு மாதமாவது பார்க்க வேண்டும். கையில் ஒரு வேலை இருப்பதும் ஆளை நிமிர்த்தும். அவருக்கு அது இருந்தது.

இதையெல்லாம் இவ்வளவு சரளமாக ஒப்பிக்க முடிகிறதே, அதுதான் இடிக்கிறது. வற்புறுத்தாமல் இருப்பதும் கேட்காமலே விடுவதும் ஒன்றா? கூட வேலை பார்த்த அக்கா, "நீ அவரை விட்டுவைக்கல, உன்னைக் காப்பாத்திக்கிட்ட" என்றார். சுருக்கென்றது. அன்று காலையிலிருந்து கேட்டதற்கெல்லாம் மேல் இன்னொருவர் கதையைக் கேட்க எனக்குத் தெம்பு இருந்ததா என்றால், இல்லை. இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

உறவினர் வீட்டுக்குக் கிளம்பும்போது என்னைத் தேடி வந்து, "வர்றேன் தம்பி" என்று சொல்லிக்கொண்டுதான் போனார். அதை வைத்து எப்படி வேண்டுமானாலும் முடிவு கட்டிக்கொள்ளலாம். நானும் நாளுக்கு ஒன்றாகக் கட்டியிருக்கிறேன்.

இப்போது புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, "பேசச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க" என்கிறேன். அதே மூச்சில், "ஒருத்தர் வேண்டாம்னாலும் மறுநாள் போய்ப் பக்கத்துல உட்காருங்க" என்றும் சொல்கிறேன். "தினமும் போய் உட்கார்ந்தா அதுவும் ஒரு வற்புறுத்தல்தானே சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். ஆளைப் பொறுத்தது என்றேன். அதுவரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தவள், அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.