சீகையை எங்கே பிடுங்குவது, எங்கே விட்டுவைப்பது

நீலகிரியிலும் பழனி மலையிலும் மலைப் புல்வெளியை மூடிவரும் அயல் மரமான சீகையை (வாட்டில்) அகற்ற வேண்டும் என்பதைப் பலரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அகற்றும் விதத்தில்தான் வேலை கெடுகிறது.

மரமில்லாத மேட்டைத் தரிசு என்று கணக்கில் எழுதியது வெள்ளையர் நிர்வாகம். 1832இல் சீகையும் 1843இல் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நீலகிரிக்கு வந்தன. முதல் தேவை விறகு. பின்னாளில் தோல் பதனிடப் பட்டையும் ரேயான் ஆலைக்கு மரக்கூழும் வேண்டுமென்று மேடு மேடாக நட்டார்கள். தரிசு என்று எழுதப்பட்ட அந்த நிலம் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். தோடர் கோயிலின் கூரைக்கு வேண்டிய புல் உயரமான சதுப்புகளில்தான் வளரும். சுற்றிலும் நட்ட மரங்கள் நீரை இழுத்துச் சதுப்பு வற்றினால் அந்தப் புல்லும் போய்விடும். காட்டை அழித்ததால் உண்டான புல்வெளிதானே இது என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். இல்லை. நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பு மண்ணில் படிந்திருக்கும் சான்றுகள், அங்கே புல் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததைக் காட்டுகின்றன. தீயும் மேய்ச்சலும் அதைத் திறந்தவெளியாக வைத்திருக்க உதவின, அவ்வளவுதான்.

பழனி மலையில் 1973க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஆகவே மிச்சமிருக்கும் புல்லிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். அடர்ந்த தோப்பை முதலில் வெட்டுவது பெரிய தவறு. சீகை விதைக்கு ஓடு கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் விழுந்து வெயில் பட்டதும் கன்றுகள் நெருக்கமாகக் கிளம்பும். வெட்டிய கிளைகளை அங்கேயே எரித்தால் இன்னும் மோசம், சூட்டில் ஓடு வெடித்து விதையெல்லாம் முளைத்துவிடும்.

நல்ல புல்லுக்குள் தனித்தனியாக நிற்கும் இளங்கன்றுகளை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். குறைந்த கூலியில் அதிகப் புல்லைக் காப்பாற்றும் வேலை இதுதான். கையில் வராத மரத்தைத் தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையின் பட்டையை மண்ணுக்குக் கீழ்வரை உரித்துவிட வேண்டும். கற்பூர மரம் கட்டையிலிருந்து தழையும். சீகையில் ஒரு வகையான வெள்ளிச் சீகை வேரிலிருந்தும் தழையும். ஒருமுறை வெட்டியதோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டால் செலவழித்த பணம் வீண். புதுக்கன்று பூப்பதற்குள் பிடுங்க, ஆண்டுதோறும் அதே இடத்துக்கு ஆள் போக வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்காத திட்டத்தைத் தொடங்காமலே இருக்கலாம்.

வெறுமையான இடத்தில் ஜூன், ஜூலை மழையில் புல் நடலாம். சாலையோரத்தில் வளரும் உள்ளூர்ப் புல்தூரை வேரோடு எடுத்து, நான்கைந்து தண்டு உள்ள பிடிகளாகப் பிரித்து, ஓரடி இடைவெளியில் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். கால்நடைத் தீவனத்துக்காக வந்த கிக்குயு புல்லை மட்டும் கொண்டுவராதீர்கள், அது மற்றதையெல்லாம் மூடிவிடும். சோலை எனப்படும் இயற்கை மலைக்காட்டின் மரக்கன்றுகளைப் புல்வெளியில் நடும் விழாக்களும் வேண்டாம். பள்ளங்களில் டிசம்பர், ஜனவரி உறைபனி அந்தக் கன்றுகளைக் கருக்கிவிடும்.

பழைய சீகைத் தோப்பு எல்லாவற்றையும் வெட்டித் தள்ள வேண்டியதில்லை. சோலையை ஒட்டிய தோப்புகளில், நிழலுக்கடியில் நாவலும் மற்ற சோலைக் கன்றுகளும் தாமாக எழுவதுண்டு. அங்கே கோடரி வேண்டாம். அடியில் முளைக்கும் சீகைக் கன்றை மட்டும் களைந்துவிட்டு, பெரிய மரங்கள் தானாகச் சாயும்வரை விட்டுவையுங்கள்.