வெர்மான்ட் சேற்றில் போன 350 டாலர்

மார்ச் கடைசியில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘எந்தக் காலத்திலும் கார் வரும்’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். எங்களை அப்படித்தான் ஏமாற்றினார்கள். செலவுக் கணக்கையும் வழியையும் வரிசையாகத் தருகிறேன், ஆனால் இந்தக் கோபம் முதலில் தீரட்டும்.

பாஸ்டனிலிருந்து செயின்ட் ஜான்ஸ்பரி வரை நல்ல ரோடு. டான்வில் தாண்டி பீச்சம் பக்கம் மண் ரோட்டில் திரும்பியபோது மதியம் 2 மணி, சுள்ளென்று வெயில். அதுதான் இருப்பதிலேயே மோசமான நேரமாம். வெர்மான்டில் பாதிக்கு மேல் மண் ரோடுகள்தான். குளிர்காலத்தில் அந்த மண் பல அடி ஆழத்துக்கு உறைந்து கிடக்கும். மார்ச் வெயிலில் மேல்பகுதி மட்டும் இளகும். அடியில் இன்னும் கெட்டிப் பனி, தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. மேலே இருக்கிற மண்ணும் ஜல்லியும் அந்தத் தண்ணீரிலேயே ஊறிக் குழைந்துபோகிறது. ‘மட் சீசன்’, அதாவது சேற்றுக் காலம் என்று இதைத் தனிப் பருவமாகவே எண்ணுகிறார்கள்.

தம்பிதான் ஓட்டினான். “அண்ணா, நான் ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை, அதுவே போகுது” என்றான். முன்னே போன லாரிகளின் சக்கரத் தடம் காரை இழுத்துக்கொண்டு போனது. கொஞ்ச தூரத்தில் கார் வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தேன். டயர் தோண்டிய பள்ளத்துக்குள் ஓரத்துச் சேறு மெதுவாகச் சரிந்து வந்து, டயரைப் பாதி வரை மூடிக்கொண்டிருந்தது.

இழுவை வண்டிக்காரர் போனில் முதலில் கேட்டதே எந்த ரோடு என்றுதான். பெயரைச் சொன்னதும், 350 டாலர், ரொக்கமாக வேண்டும் என்றார். எங்கள் இரண்டு ராத்திரி வாடகையை விட அதிகம்! கெட்டித் தரையிலேயே வண்டியை நிறுத்தி, கம்பி வடத்தைக் கொக்கியில் மாட்டி, கால் மணி நேரத்தில் இழுத்துப் போட்டார். பகல் கொள்ளை. ஆனாலும் அவர் சொன்ன புத்தி நல்ல புத்தி: ராத்திரிக் குளிரில் ரோடு மறுபடி இறுகிவிடும், காலை 7 மணிக்குப் போ. வீட்டுக்காரருக்குப் போன் செய்தால், “இந்த மாசம் இப்படித்தான், எல்லாருக்கும் தெரியுமே” என்கிறார். தெரிந்தால் விளம்பரத்தில் எழுத வேண்டியதுதானே?

மறுநாள் காலை அதே ரோட்டில் சேற்று வரப்புகள் கல்லாக இறுகியிருந்தன. தடத்துக்குள் இறங்காமல், வரப்பின் மேலேயே சக்கரத்தை வைத்து, ஒரே சீராக, நிறுத்தாமல் போனோம். போன இடம் மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகை.

அதைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. ராத்திரி உறைந்து பகலில் உருகும் இதே பருவத்தில்தான் மேப்பிள் மரத்தில் சாறு இறங்குகிறது. ரோட்டைக் கெடுக்கிற வானிலைதான் பாகையும் தருகிறது! சாறு பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், லேசான இனிப்பு. ஏறக்குறைய 40 லிட்டர் சாறு காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. கொட்டகை முழுக்க ஆவி, சட்டை எல்லாம் இனிப்பு வாசனை. சூடான பாகைப் பனிக்கட்டித் தூள் மேல் ஊற்றித் தருகிறார்கள். ஊற்றிய உடனே ஜவ்வு மிட்டாய்போல் இழுபடுகிறது. கூடவே டோநட், புளித்த வெள்ளரிக்காய் ஊறுகாய். இனிப்புக்கு ஊறுகாயா என்று தம்பி முகம் சுளித்தான். அப்புறம் என் தட்டிலிருந்ததையும் அவனே எடுத்துத் தின்றான். திகட்டும்போது ஒரு கடி ஊறுகாய், மறுபடி பாகு. அமெரிக்காவில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் உசத்தி.

வழி, செலவு எல்லாம் வரிசையாக எழுத நினைத்தேன், எங்கேயோ போய்விட்டேன். சரி, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தங்குவதைத் தார் ரோட்டு ஓரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். டான்வில் வழியாகப் போகும் ரூட் 2 நல்லது. மேப் ஆப் குறுக்கு வழி காட்டினால் திரும்பாதீர்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள், மண் ரோட்டில் போகவே கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். மலையேறும் திட்டமிருந்தால் மே கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள், ஈரப் பாதை மிதிபட்டால் அரித்துப்போகும் என்று அதுவரை வர வேண்டாம் என்கிறார்கள். இழுவை வண்டிக்கும் காப்பீடு கொடுக்கும் திட்டம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள், எங்களுடையதில் இல்லை.