127 ஒன்றுகள்

170141183460469231731687303715884105727

இது ஒரு பகா எண். 39 இலக்கம். 2-ஐ 127 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. இரும எண்முறையில் எழுதினால் வரிசையாக 127 ஒன்றுகள், வேறு எதுவும் இல்லை.

1876-ல் பிரான்ஸின் எத்வார் லூக்கா இது பகா எண் என்று காட்டினார். கணினி இல்லாத காலம். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால் ஓர் ஆயுள் போதாது. அவர் அப்படி வகுத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் அழகு! அவருடைய முறையை 1930களில் அமெரிக்கக் கணிதவியலாளர் லேமர் செம்மைப்படுத்தினார். அந்த வடிவம் இப்படி: 4-ல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். 7-க்கு ஒரே படி: 4×4−2 = 14, மீதி 0. சரி, 7 பகா எண். நம் எண்ணுக்கு 125 படிகள். கடைசி மீதி 0.

1951 வரை, 75 ஆண்டுகள், மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இதன் வம்சாவளி. 2-ஐ அடுக்காக வைத்தால் 2²−1 = 3. 3-ஐ வைத்தால் 7. 7-ஐ வைத்தால் 127. 127-ஐ வைத்தால் இந்த எண். தொடங்கிய 2-ஐயும் சேர்த்து ஐந்துமே பகா எண்கள். அடுத்தது, இந்த 39 இலக்க எண்ணையே அடுக்காக வைத்துப் பெறும் எண், பகா எண்ணா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. லூக்காவின் முறைக்கே அங்கே அத்தனை கோடி கோடி படிகள் வேண்டும். எந்தக் கணினியும் முடிக்காது. புதிய யோசனை ஒன்று பிறக்க வேண்டும்.